பார்லர் மூடிக் கிடந்த நாட்களுக்கும் வாடகை தர வேண்டுமா?

கேள்வி: திருச்சி தில்லை நகரில் முதல் மாடியில் பெண்களுக்கான பியூட்டி பார்லர் நடத்துகிறேன். த்ரெடிங், ஃபேஷியல், மணப்பெண் அலங்காரம், பின்பக்கச் சின்ன அறையில் ஆயில் மசாஜ். வாடகை 24,000 ரூபாய், அட்வான்ஸ் 2,40,000. போன வருஷ (2020) லாக்டவுனில் ஓனர் ஒரு மாத வாடகையை விட்டுக்கொடுத்தார். இந்த வருஷம் (2021) ஏப்ரல் 26 முதல் ஜூன் 13 வரை அரசு மூடச் சொன்னது, மூடினேன். ஏப்ரல் வாடகை கொடுத்துவிட்டேன். மே, ஜூன் கொடுக்கவில்லை. ஜூலை முதல் வாரத்தில் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. 48,000 ரூபாயைக் கட்டு, இல்லாவிட்டால் காலி செய் என்கிறார்கள். 'மசாஜ்' என்று போர்டு வைத்துக் கட்டடத்தின் பெயரைக் கெடுக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறார்கள். கடையைப் பூட்டிவிடுவதாக ஓனரின் மகன் போனில் மிரட்டுகிறார். அரசே மூடச் சொன்ன கடைக்கு எதற்கு வாடகை என்று தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். இதற்கு நடுவில், கல்யாண மேக்கப்புக்கு முன்பணம் கொடுத்த மூன்று வீட்டார் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். வேலை செய்யும் இரண்டு பெண்களுக்குச் சம்பளம், முத்ரா கடன் தவணை வேறு. வாடகை ஒப்பந்தத்தையும் நோட்டீஸையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். நான் என்ன செய்ய வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் நோட்டீஸ் வந்த கவரை எடுத்து, தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிய தேதியைப் பாருங்கள். அந்தத் தேதியிலிருந்து ஒரு மாதத்தைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். நீங்கள் கேட்டிருக்கும் எல்லாவற்றையும்விட அந்த வட்டம்தான் இப்போது முக்கியம். ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

அரசு மூடச் சொன்ன கடைக்கு வாடகை கிடையாது என்று உங்களிடம் சொன்னவர்கள் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. போன வருஷம் மார்ச் 29 அன்று மத்திய உள்துறை ஒரு உத்தரவு போட்டது. வாடகை கேட்கக் கூடாது என்று தொலைக்காட்சியிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றியது அதுதான். புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் உள்ளிட்டவர்கள் குடியிருக்கும் இடத்துக்கு, ஒரு மாத காலத்துக்கு, வீட்டு உரிமையாளர் வாடகை கேட்கக் கூடாது என்பதுதான் அதில் இருந்தது. வியாபாரக் கடைகள் அதில் இல்லை. இந்த வருஷ ஊரடங்கில் அப்படி ஒரு உத்தரவும் வரவில்லை. அரிசி கார்டுக்கு இரண்டு தவணையாக 4,000 ரூபாய் வந்தது, அவ்வளவுதான். அது குடும்பத்துக்கு வந்த பணம். கடை வாடகையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அடுத்து, செய்ய முடியாத காரியத்துக்கு ஒப்பந்தம் செல்லாது என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 56-ஆம் பிரிவு இருக்கிறதே என்று யாராவது சொல்லக்கூடும். இருக்கிறது. ஆனால் வாடகைக்கும் குத்தகைக்கும் அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே ராஜா துருவ் தேவ் சந்த் வழக்கில் சொல்லிவிட்டது. அந்த வழக்கின் கதையைக் கேட்டால் உங்களுக்கே தலை சுற்றும். ஒருவர் விவசாய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, பணமும் கட்டிவிட்டார். பிரிவினை வந்தது. நிலம் பாகிஸ்தான் பக்கம் போய்விட்டது, அவர் இந்தியாவுக்கு வந்துவிட்டார். கொடுத்த குத்தகைப் பணத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்டதற்கு, கிடையாது என்று தீர்ப்பானது. இடத்தை ஒருவர் கையில் ஒப்படைத்த பிறகு, அதைப் பயன்படுத்த முடியாமல் போனது அவருடைய நஷ்டம் என்பதுதான் அதன் சாரம். நாடே இரண்டானபோது கிடைக்காத சலுகை, ஏழு வாரம் ஷட்டர் மூடியதற்குக் கிடைக்கும் என்று நான் உங்களுக்கு நம்பிக்கை தர முடியாது.

குத்தகைகளுக்கென்று சொத்து மாற்றச் சட்டத்தில் 108-ஆம் பிரிவு இருக்கிறது. தீ, வெள்ளம், கலவரம் போன்றவற்றால் இடம் அழிந்தாலோ நிரந்தரமாகப் பயன்படாமல் போனாலோ குத்தகையை முறித்துக்கொள்ளலாம் என்கிறது அது. உங்கள் இடம் நிரந்தரமாகப் பயன்படாமல் போகவில்லை. ஜூன் 14 காலை நீங்களே திறந்து தூசி தட்டியிருக்கிறீர்கள்.

கொரோனா வந்த பிறகு இந்தக் கேள்வி டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு நேராகவே போனது. கான் மார்க்கெட்டில் செருப்புக் கடை வைத்திருந்த வாடகைதாரர், லாக்டவுன் காலத்து வாடகையை நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்டார். ராமானந்த் வழக்கு என்பார்கள். 2020 மே 21 அன்று தீர்ப்பு. இடத்தை வைத்துக்கொண்டிருக்கிறவர் வாடகையை நிறுத்தச் சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். ஆனால் பணம் கட்டக் கொஞ்சம் தவணை நீட்டிக் கொடுத்தது. டெல்லி தீர்ப்பு நம் சென்னை உயர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்றாலும், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் எடுத்து வைப்பார். அந்தத் தீர்ப்பில் உங்களுக்குப் பயன்படக்கூடியது ஒன்றுதான்: வாடகை தள்ளுபடி ஆகாது, கட்டும் தேதி தள்ளிப் போகலாம்.

இனி உங்கள் ஒப்பந்தம். நீங்கள் அனுப்பிய படத்தில் மூன்றாம் பக்கம், 11-ஆவது ஷரத்து. "தீ, வெள்ளம், புயல் முதலியவற்றால் மேற்படி கட்டடம் சேதமடைந்து உபயோகிக்க இயலாமல் போனால், சீர் செய்து கொடுக்கும் வரை இரண்டாம் பார்ட்டியார் வாடகை செலுத்த வேண்டியதில்லை." இந்த வரியை நம்பித்தான் இரண்டு மாதம் கட்டாமல் இருந்தீர்கள் என்று நினைக்கிறேன். சகோதரி, இது கட்டடம் இடிந்தால் என்ற கணக்கில் எழுதியது. 'முதலியவற்றால்' என்ற சொல்லுக்குள் கொரோனாவை நுழைத்துவிட்டாலும், அடுத்த சொல் 'சேதமடைந்து' என்று இருக்கிறது. கட்டடத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதே ஷரத்தில் 'அல்லது அரசு உத்தரவால்' என்று இன்னும் மூன்று சொல் இருந்திருந்தால் நான் எழுதும் பதிலே வேறாக இருந்திருக்கும். அப்போது, நிபந்தனையோடு எழுதிய ஒப்பந்தங்களைப் பற்றிய ஒப்பந்தச் சட்டத்தின் 32-ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு உறுதியாக வாதாடலாம். நம் ஊரில் இந்த ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பத்திர எழுத்தரின் கம்ப்யூட்டரில் கிடக்கும் பழைய மாதிரியில் பெயரையும் தொகையையும் மாற்றி அச்சடிப்பவை. இருபது ரூபாய் முத்திரைத் தாளில் இரண்டு தரப்பும் படிக்காமல் கையெழுத்துப் போடுவது வழக்கம்.

சரி, வாடகை கட்டியாக வேண்டும் என்றால் நோட்டீஸுக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம்? தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல், நகரப் பகுதிகளில், பழைய 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இல்லை. அதன் இடத்தில் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வந்துவிட்டது. புதுச் சட்டத்தில் இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்து, அதைக் கேட்டு நோட்டீஸ் கொடுத்து, நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் பாக்கி முழுவதையும் கட்டவில்லை என்றால், காலி செய்யச் சொல்ல அதுவே போதுமான காரணம். வேண்டுமென்றே கட்டவில்லையா, கஷ்டத்தால் கட்டவில்லையா என்று பழைய சட்டத்தில் பெரிய வாதம் நடக்கும். இப்போது அதற்கு இடம் ரொம்பக் குறைவு. உங்கள் பாக்கி சரியாக இரண்டு மாதம். ஓனரின் வக்கீல் விஷயம் தெரிந்தவர். இரண்டாவது மாதம் முடியக் காத்திருந்து அனுப்பியிருக்கிறார்.

'அட்வான்ஸ் பத்து மாதத்துக்கு இருக்கிறதே, அதில் கழித்துக்கொள்ளட்டும்' என்று சும்மா இருந்துவிடாதீர்கள். பழைய சட்டத்தில் கூடுதலாக வாங்கிய அட்வான்ஸைக் காட்டி அந்த வாதம் எடுபட்டது. கடைக்காரர்கள் சங்கத்தில் பெரியவர்கள் இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள். புதுச் சட்டத்தில் அதை நம்பி உட்கார்ந்திருப்பது ஆபத்து. முன்பணம் பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது சட்டம். ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொண்டிருந்தால் அது செல்லும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. நீங்கள் 2,40,000 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஆகவே ஓனர் சம்மதித்தால் அட்வான்ஸில் கழிக்கலாம், நீங்களாகக் கழிக்க முடியாது. அதே மாதிரி, உச்ச நீதிமன்றம் கொரோனாவுக்காகக் காலக்கெடுவை எல்லாம் நீட்டியிருக்கிறதே என்றும் எண்ண வேண்டாம். அது வழக்கு, மேல்முறையீடு தாக்கல் செய்வதற்கான காலக்கெடு. வாடகை கட்டும் தேதிக்கும் நோட்டீஸ் தவணைக்கும் அது வராது.

உங்களிடம் என்னதான் பலம் இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. பூட்டு விஷயத்தில் சட்டம் முழுக்க உங்கள் பக்கம். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் ஓனரோ மகனோ உங்கள் கடைக்குப் பூட்டுப் போட முடியாது. கரண்ட்டையோ தண்ணீரையோ நிறுத்தவும் முடியாது. மீறிச் செய்தால் அதே 2017 சட்டத்தின் கீழ் ரெண்ட் அத்தாரிட்டி எனப்படும் வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்து இணைப்பைத் திரும்பப் பெறலாம். பூட்டுக்கு, அந்தச் சரகக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். இது சிவில் தகராறு என்று சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள். ரசீது இல்லாமல் எழுந்து வராதீர்கள். இப்போதே ஒரு நாள் காலையில், கடைக்குள் இருக்கும் நாற்காலி, ஃபேஷியல் பெட், ஸ்டீமர், ஏ.சி., அலமாரி எல்லாவற்றையும் தேதி தெரியும்படி வீடியோ எடுத்துத் தங்கைக்கோ தம்பிக்கோ அனுப்பி வையுங்கள். மகன் போனில் மிரட்டியதற்கு, "இன்று மாலை நாலு மணிக்கு நீங்கள் போனில் சொன்னதைப் பற்றி" என்று தொடங்கி மரியாதையாக ஒரு வாட்ஸ்அப் அனுப்பி வைத்தால் அதுவே சாட்சியாக நிற்கும்.

உண்மையான பலம் ஓனரின் கணக்கில் இருக்கிறது. உங்களைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டால் மாதங்கள் ஓடும். காலியான பிறகு உங்கள் அட்வான்ஸை, பாக்கியைக் கழித்துக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். அந்த 2,40,000 ரூபாயை அவர் பேங்கில் வைத்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? பத்தில் ஒன்பது ஓனர்கள் அதை எப்போதோ செலவழித்திருப்பார்கள். புது வாடகைதாரர் வந்தால்தான் பழையவருக்குக் கொடுக்கப் பணம். இந்த ஜூலையில் முதல் மாடிக் கடைக்குப் பத்து மாத அட்வான்ஸ் கொடுக்க யார் வருவார்கள்? உங்கள் தெருவிலேயே 'வாடகைக்கு' போர்டு எத்தனை தொங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். போன வருஷம் ஒரு மாதம் விட்டுக்கொடுத்த மனிதர் அவர். உங்கள் கடிதத்தில் அதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நோட்டீஸ் அனுப்பியது மகனின் அவசரமாக இருக்கலாம். அவருக்கும் அந்த வாடகைதான் மாத வருமானமாக இருக்கலாம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். நேரில் போய்ப் பேசுங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள்.

கணக்கை இப்படிப் பிரியுங்கள். மாதம் 24,000 என்றால் நாளுக்கு 800. மே மாதம் முழுக்கவும், ஜூனில் 13 நாளும் மூடல்: 24,000-மும் 10,400-ம் சேர்த்து 34,400. ஜூனில் திறந்திருந்த 17 நாளுக்கு 13,600. இந்த 13,600-க்குப் பேச்சே வேண்டாம், அதை இன்றைக்கே அவர் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். குறிப்பில் 'ஜூன் 14 முதல் 30 வரை வாடகை' என்று போடுங்கள். ஜூலை வாடகையை வழக்கமான தேதியில் ஒரு நாள்கூடத் தள்ளாமல் கட்டுங்கள். மீதி 34,400-இல் பாதியைத் தள்ளுபடியாகக் கேளுங்கள், மறு பாதி 17,200-ஐ எட்டு மாதத்தில் மாதம் 2,150 வீதம் தருவதாகச் சொல்லுங்கள். அவர் பாதிக்கு இறங்கவில்லை என்றால், தள்ளுபடி வேண்டாம், முழுத் தொகைக்கும் பத்து மாதத் தவணை கொடுங்கள் என்று கேளுங்கள். அதற்கும் மாட்டேன் என்றால், 34,400-ஐ அட்வான்ஸில் கழித்துக்கொண்டு, கழித்ததை அடுத்த மார்ச்சுக்குள் நிரப்பித் தருகிறேன் என்று ஒரு வழி இருக்கிறது. கையில் ரொக்கம் வராததால் ஓனர்களுக்கு இந்தக் கடைசி வழி பிடிக்காது. ஆனால் அதைக் கேட்டதும் இரண்டாவது வழிக்கு வந்துவிடுவார்கள்.

எது முடிவானாலும் எழுத்தில் வேண்டும். பெரிய பத்திரம் வேண்டாம். "2021 மே, ஜூன் மாத வாடகை குறித்து இரு தரப்பும் பேசி முடித்துக்கொண்டது. பாக்கி இவ்வளவு, தவணை இவ்வளவு, இந்தத் தேதிகளில். இதன்படி செலுத்தும் வரை, முன்பு அனுப்பிய நோட்டீஸின் பேரில் முதல் பார்ட்டியார் நடவடிக்கை எடுப்பதில்லை" என்று நாலு வரி, இரண்டு பேர் கையெழுத்து, இரண்டு சாட்சி. அந்தக் கடைசி வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். தவணை கட்டிக்கொண்டிருக்கும்போதே பழைய நோட்டீஸை வைத்து வழக்குப் போட அது இடம் கொடுத்துவிடும்.

நோட்டீஸுக்குப் பதிலும் அனுப்பியாக வேண்டும். பேச்சு நடக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. ஒரு பக்கம் போதும்: அரசு உத்தரவால் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை மூடியிருந்தது, இதுவரை ஐந்து வருஷம் பாக்கி வைத்ததில்லை, 13,600 இந்தத் தேதியில் கட்டியாயிற்று, மீதிக்கு இந்த யோசனை. பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. ஒரு மாதம் முடிய ஐந்து நாள் இருக்கும்போதும் உடன்பாடு ஆகவில்லை என்றால், நகையை வைத்தாவது மீதி 34,400-ஐயும் கட்டிவிடுங்கள். ஒப்பந்தத்தில் தாமதத்துக்கு வட்டி இருந்தால் அதையும் சேர்த்து. 'எனது உரிமைகளுக்குப் பாதகமின்றிச் செலுத்துகிறேன்' என்று ஒரு வரி எழுதிக் கட்டுங்கள். கசப்பாக இருக்கும். ஆனால் கட்டிவிட்டால் அந்த நோட்டீஸ் செத்துப் போகும். ஐந்து வருஷம் சேர்த்த வாடிக்கையாளர்களை 34,400-க்காகப் பணயம் வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாங்க மாட்டேன் என்று அவர் திருப்பினால் மணியார்டரிலோ டிமாண்ட் டிராஃப்ட்டிலோ அனுப்பி, திரும்பி வந்த காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். அப்படித் தொடர்ந்தால் வாடகை அதிகாரியிடமே டெபாசிட் செய்ய வழி இருக்கிறது.

மசாஜ் விவகாரத்துக்கு வருகிறேன். உங்கள் ஒப்பந்தத்தில் 'லேடீஸ் பியூட்டி பார்லர் நடத்துவதற்கு மட்டும்' என்று இருக்கிறது. பெண்களுக்குப் பெண்கள் செய்யும் ஆயில் மசாஜும் ஹெட் மசாஜும் எந்த பார்லரிலும் உள்ள வேலைதான். ஜூன் மாதத்து அரசு உத்தரவிலேயே அழகு நிலையம், சலூன், ஸ்பா மூன்றையும் ஒரே வரியில் வைத்து, ஏ.சி. இல்லாமல், ஒரு நேரத்தில் 50 சதவீத வாடிக்கையாளர்களோடு, காலை 6 முதல் மாலை 5 வரை என்று அனுமதித்தார்கள். இருந்தாலும் மசாஜ் என்ற சொல்லைப் பார்த்ததும் நம் ஊரில் முகம் சுளிப்பவர்கள் உண்டு. நியாயமாகத் தொழில் செய்யும் பெண்களுக்கு அது பெரிய அநியாயம். இந்தச் சந்தேகப் பார்வை அரசுகளுக்கும் இருந்தது. போன வருஷம் சென்னை தவிர மற்ற இடங்களில் சலூன்களும் பார்லர்களும் மே மாதமே திறந்துவிட்டன. ஆகஸ்டில் ஜிம்களுக்கு மத்திய சுகாதாரத் துறை விதிமுறை போட்டபோதும், உள்ளே ஸ்பா, நீராவிக் குளியல் இருந்தால் அவை மூடியே இருக்க வேண்டும் என்றது. ட்ரெட்மில்லில் மூச்சு வாங்க ஓடலாம், குப்புறப் படுத்து முதுகைக் காட்டக் கூடாது. டெல்லியில் ஸ்பாக்காரர்கள் உயர் நீதிமன்றம் போய்த்தான் 2021 ஜனவரியில் திறக்க அனுமதி வாங்கினார்கள்.

ஆனால் உங்கள் வழக்குக்கு இந்த நியாயம் எல்லாம் ஓரளவுதான் உதவும். ஒப்பந்தத்தில் சொன்ன காரியத்துக்கு அல்லாமல் இடத்தை வேறு விதமாகப் பயன்படுத்துவதும், நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுத்த பிறகும் தொடர்வதும், காலி செய்யச் சொல்ல இன்னொரு காரணம். ஓனர் தரப்பு அதற்கும் விதை போட்டு வைத்திருக்கிறது. ஆகவே பதில் நோட்டீஸில் இதை மௌனமாக விடாமல் மறுத்து எழுதுங்கள்: ஐந்து வருஷமாக இந்தச் சேவை நடக்கிறது, விலைப்பட்டியல் வாசலிலேயே தொங்குகிறது, பெண்கள் மட்டுமே வருகிறார்கள், ஓனர் வீட்டாரே வந்திருக்கிறார்கள் என்றால் அதையும். மாநகராட்சித் தொழில் உரிமத்தில் என்ன தொழில் என்று எழுதியிருக்கிறது என்பதையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இப்போது கல்யாண வீட்டார். இங்கேதான் நீங்கள் ஓனரிடம் சொல்லும் நியாயம் உங்களிடமே திரும்பி வருகிறது. வாடகைக்குப் பொருந்தாத அந்த 56-ஆம் பிரிவு, மணப்பெண் மேக்கப் ஒப்பந்தத்துக்கு அழகாகப் பொருந்தும். குறிப்பிட்ட முகூர்த்த நாளில் பார்லரில் அலங்காரம் செய்து தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கினீர்கள். அந்த நாளில் பார்லர் திறக்கவே சட்டப்படி முடியாது. ஒப்பந்தம் அங்கேயே முடிந்துபோகிறது. அப்படி முடிந்தால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது 65-ஆம் பிரிவு. அட்வான்ஸ் திரும்பக் கிடைக்காது என்று ரசீதில் அச்சடித்திருந்தாலும், வேலையே நடக்காதபோது அதைக் காட்டித் தப்பிப்பது கடினம். கல்யாணத்துக்கு 50 பேர் வரை அரசு அனுமதித்ததால் கல்யாணம் நடந்துவிட்டது, உங்கள் வேலை மட்டும் நடக்கவில்லை. அவர்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் பணத்தோடு செலவும் சேரும். அந்தப் பெண்ணுக்காகவே வாங்கி உடைத்துவிட்ட பொருள், எடுத்துப் பார்த்த ட்ரையல் மேக்கப், இவற்றுக்கான நியாயமான தொகையைச் சொல்லிக் கழிக்கலாம். மீதியைக் கொடுத்துவிடுங்கள். ஒரே நேரத்தில் கொடுக்க முடியாவிட்டால் போனை எடுத்துப் பேசி இரண்டு தவணை கேளுங்கள். வளைகாப்புக்கோ தங்கை கல்யாணத்துக்கோ அந்தத் தொகையை வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டுப் பாருங்கள், சம்மதிப்பவர்கள் உண்டு. போனை எடுக்காமல் இருப்பதுதான் அவர்களைக் கோபப்படுத்தும்.

இரண்டு பெண்களின் சம்பளத்தைப் பொறுத்தவரை, போன வருஷம் ஊரடங்கில் முழுச் சம்பளம் தரச் சொன்ன மத்திய உத்தரவு மே 18-ஆம் தேதியோடு போய்விட்டது. அந்த நாட்களுக்குக்கூட இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் 2020 ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த வருஷம் அப்படி உத்தரவே இல்லை. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, கைத்தொழில் தெரிந்த பெண்கள் போய்விட்டால் முகூர்த்த மாதத்தில் நீங்கள்தான் தவிப்பீர்கள். முடிந்ததைக் கொடுங்கள், கொடுத்ததை நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

முத்ரா கடனுக்கு இந்த வாரமே வங்கிக்குப் போங்கள். போன வருஷம் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கிடைத்த மாதிரி எல்லோருக்குமான தவணை விடுப்பு இந்த முறை இல்லை. அதற்குப் பதில், தொழிலுக்குக் கடன் வாங்கிய தனி நபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் கடனை மறுசீரமைக்க ரிசர்வ் வங்கி 2021 மே 5 அன்று ஒரு வழி திறந்திருக்கிறது. மார்ச் 31 அன்று உங்கள் கணக்கு வாராக் கடனாக இருந்திருக்கக் கூடாது, 2021 செப்டம்பர் 30-க்குள் இதை முடிவெடுத்துத் தொடங்கியிருக்க வேண்டும். வங்கி தானாகக் கூப்பிட்டுக் கொடுக்காது. எழுத்தில் மனு கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். தவணை தள்ளிப் போகுமே தவிர வட்டி ஓடிக்கொண்டிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று கவனித்தேன். உங்கள் 11 மாத ஒப்பந்தம் 2020 நவம்பரிலேயே முடிந்துவிட்டது, புதுப்பிக்கவில்லை, வாடகை அதிகாரியிடம் பதிவும் இல்லை. புதுச் சட்டத்தில் எழுத்து ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். ஒப்பந்தம் போடத் தவறியதையே காரணமாகக் காட்டிக் காலி செய்யச் சொல்ல முடியும். நோட்டீஸில் இதை அவர்கள் இன்னும் எடுக்கவில்லை. நீங்களும் பதிலில் அதைக் கிளறாமல், ஓனரிடம் பாக்கி பேசி முடிக்கும் அதே நாளில் புது ஒப்பந்தத்தையும் பேசுங்கள். இரண்டு வருஷத்துக்காவது கேளுங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் போனால் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிய வேண்டும், செலவைப் பாதிப் பாதி பிரித்துக்கொள்ளுங்கள். பயன்பாடு என்ற இடத்தில் 'பெண்களுக்கான அழகு நிலையம், எண்ணெய் மசாஜ் உள்ளிட்ட சேவைகள்' என்று எழுதச் சொல்லுங்கள். 11-ஆவது ஷரத்தை இப்படி மாற்றச் சொல்லுங்கள்: "நோய்த்தொற்று அல்லது வேறு காரணத்தால் அரசு உத்தரவின்படி தொழிலைத் தொடர்ச்சியாக 15 நாளுக்கு மேல் மூட நேர்ந்தால், மூடியிருக்கும் காலத்துக்கு வாடகையில் பாதி மட்டும் செலுத்தினால் போதும்." முழுத் தள்ளுபடி கேட்டால் எந்த ஓனரும் கையெழுத்துப் போட மாட்டார். பாதிக்கு, மூன்றாவது அலை வரும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் இந்த மாதத்தில், அவரும் யோசிப்பார்.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் திருச்சி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். வழக்குப் போடும் முன்பே ஓனரைக் கூப்பிட்டுச் சமரசம் பேசவும் செய்வார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது நோட்டீஸ், அது வந்த கவர், வாடகை ஒப்பந்தம், கடந்த இரண்டு வருஷ வங்கி ஸ்டேட்மென்ட், வாடகை ரசீதுகள், தொழில் உரிமம், ஆதார் ஆகியவற்றை நகலோடு எடுத்துப் போங்கள். கவரை மறந்துவிட வேண்டாம்.